பத்துத் தட்டுக்கு வெயில்

குளிர் அறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவளுக்கு வியர்க்கக் கூடாது. அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கோகிலவாணிக்கு வியர்த்தது.

மூன்றாவது தடவையாக நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தாள். முழுசாக இருக்கும் பசுங்கணிகம், இலைக்குப் பச்சை தரும் அந்தத் துகள், ஓரத்தில் ஒளி கட்டிக்கொண்டு பளபளவென்று தெரியும். உடைந்தது கறுத்து, பொரிபொரியாகக் கிடக்கும். நூறு எண்ணினால் நாற்பத்தொன்றுதான் பளபளத்தது. எண்பதுக்குக் குறைந்தால் மனித உடம்பில் வைக்கக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அவள் வைக்க மாட்டாள். உடைந்தவை புண்ணுக்கு நல்லது செய்யாததோடு, இருக்கிற சதையையும் கெடுக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அவள் குளிர் அறை. மேலே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் நாச்சிமுத்து வலது காலைத் தலையணை மேல் ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கால்தான் பிரேக் பிடித்தது. சர்க்கரை நோயில் பாதத்தில் புண் வந்து, ரத்த ஓட்டம் நின்று ஓரம் கறுத்தபோது, கணுக்காலுக்கு மேலே எடுத்துவிடுவோம் என்று மூன்று இடங்களில் சொல்லிவிட்டார்கள். நாலாவதாக இங்கே வந்தார்.

வந்த முதல் நாள் அவருக்கு நம்பிக்கையே இல்லை.

"ஏனுங்க டாக்டர், தழைய அரைச்சுக் கட்டறதுன்னா அதை எங்கூர்லயே கட்டியிருப்பனுங்களே," என்றார்.

டாக்டர் வாஹிதா சிரித்துவிட்டு, "அதை இவங்க சொல்லட்டும்," என்று கோகிலாவைக் கைகாட்டினார்.

"அரைச்சாச் செத்துருமுங்கண்ணா. நாங்க உசுரோட எடுக்கறோம்," என்றாள் கோகிலா. "உங்க புண்ணுக்கு ரத்தம் வர மாட்டேங்குது. ரத்தம் வரலீன்னா பிராணவாயு வராது. சதை மூச்சு முட்டிச் சாகுது. இலைக்குள்ள பசுங்கணிகம்னு பச்சையா, கண்ணுக்குத் தெரியாத பொடிசு இருக்குதுங்க. வெயில் பட்டா அது பிராணவாயு விடும். அதைக் கொண்டாந்து புண்ணு மேல குடி வெச்சு, மேல ஒரு சவ்வைப் போட்டு மூடிருவோம். நீங்க வெயில்ல காலை நீட்டி உக்காந்தாப் போதும். ரத்தம் செய்யற வேலைய அது செய்யும்."

"எத்தன நாளைக்குங்க?"

"மூணு வாரம். முன்னயெல்லாம் இலைய விட்டு வெளிய வந்தா அரை நாள் தாங்காதுங்க. இப்ப ஒரு கரைசல் வந்திருக்குது, அதுல மூணு வாரம் நிக்குது. அப்புறம் புதுசு வெக்கோணும். உங்களுக்கு மூணு தடவை."

நாச்சிமுத்துவுக்கு அதில் ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் சூரியனைக் கும்பிடுகிறவர் அவர். அதே சூரியனுக்கு நேராகக் காலை நீட்டுவதா என்று முதல் இரண்டு நாள் மேற்கே பார்த்து உட்கார்ந்து வெயிலை முதுகில் வாங்கினார். கோகிலா கத்திய பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தப்பா நெனைச்சுக்காதே சாமி," என்று சொல்லிவிட்டு நீட்டப் பழகினார்.

முதல் ஒட்டு பிடித்துக்கொண்டது. பாதத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கீரைப் பச்சையோடு ஊருக்குப் போனார். டிப்போவில் அவருக்குப் 'பச்சைக்காலு' என்று பெயர் வைத்தார்கள். அது பரவாயில்லை, சிரித்துக்கொண்டே வைத்த பெயர். ஒரு புதுவீட்டு விசேஷத்தில், இந்தக் காலோடு உள்ளே வர வேண்டாமே, வாசலிலேயே பந்தி போடுகிறோமே என்று சொந்தக்காரர் ஒருவர் குழைந்தாராம். அவருடைய மனைவி ருக்குமணி, வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தைக் காட்டி, "இந்தப் பச்சை உங்கூட்டுக்கு மங்களம், என்ற ஊட்டுக்காரர் கால்ல இருக்கற பச்சை தீட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிவிட்டாள். மூன்றே வாரத்தில் இத்தனை நடந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஒட்டுக்காக வந்து சேர்ந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் ருக்குமணி கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து குளிர் அறை வாசலில் நின்றாள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி. படி இறங்கிய மூச்சு வாங்கியது.

"அம்மிணி, அந்தச் செடிகளை ஒருக்காப் பாக்கலாமுங்களா?"

"எதுக்குங்கக்கா?"

"ரத்தம் குடுத்தவங்கன்னா போய்ப் பாத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டமுங்களா? அதாட்டத்தான்."

பதினொரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. செடிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கோகிலாவுக்கே தோன்றியதில்லை. அந்தச் சந்தோஷத்தில், வெளி ஆளை விடக் கூடாத இருட்டு அறைக்கு அவளை அழைத்துப்போனாள். வாசலில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் திறந்தாள். மங்கிய பச்சை விளக்கில் பன்னிரண்டு தட்டு பாலக் கீரை, அடுக்கடுக்காக. ருக்குமணி ஒரு இலையை விரல் முதுகால் தடவிக் கொடுத்தாள்.

"ஏனுங் கண்ணு, இப்படிக் கண்ணு தெரியாத இருட்டுல போட்டு வெச்சிருக்கீங்க?"

"எடுக்கறதுக்கு முந்தின நாள் அப்படித்தான் வெக்கோணுங்கக்கா," என்றாள் கோகிலா. அதற்குள் மேலே இருந்து போன் வந்தது. ஏன் என்று சொல்லவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை இந்த நாற்பத்தொன்று.

கோகிலா செய்ததையெல்லாம் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மேல் அடுக்குகளிலிருந்து எட்டுத் தட்டு இலை பறித்தாள். நடு நரம்பைக் கிள்ளிப் போட்டாள். ஐஸில் குளிர்ந்த கரைசலில் மூழ்கடித்து, மிக்ஸியை மூன்றே மூன்று வினாடி விட்டாள். நாலாவது வினாடி ஓடினால் எல்லாம் கந்தல். எட்டு மடிப்பு மஸ்லின் துணியில் பிழியாமல் தானாக வடிய விட்டாள். பிழிந்தால் போயிற்று. மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்ததைக் குழந்தைகள் படம் வரையும் பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் கலைத்தாள். கை தவறவில்லை, ஐஸ் தீரவில்லை. எதிலும் குற்றமில்லை.

கடைசியில் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சைக்கு அடியில், சுண்ணாம்பு பூசிய மாதிரி மெல்லிய வெள்ளை வளையம்.

மாவு. இருட்டில் ஒரு நாள் பட்டினி கிடந்த இலையில் மாவு எப்படி வரும்?

ஒரு இலையை எடுத்து எரிசாராயத்தில் வெளுக்க வைத்து அயோடின் விட்டாள். மாவு இருந்தால் வரும் கருநீலம் கண்ணெதிரே இலையில் ஏறியது. செடி வெயில் பார்த்திருக்கிறது. அதுவும் கொஞ்ச நேரமில்லை.

இருட்டு அறைக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடி, சாவி ஆணியில். உள்ளே போய்க் கைவிளக்கைத் தட்டின் ஓரத்தில் அடித்தபோது, விளிம்பில் மஞ்சள் தீற்றி நடுவில் குங்குமம் வைத்திருந்தது. அடுத்த தட்டிலும் அப்படியே.

முதலில் டாக்டருக்குப் போன் போட்டாள். "டாக்டர், இன்னிக்கு எடுத்தது வீணாப்போச்சுங்க. செடியை மறுபடி இருட்டுல வெச்சு நாளைக்கு எடுத்தா ஆகாதுங்களா?"

"பழைய ஒட்டு நேத்தே செத்துப் பழுப்பாயிடுச்சு கோகிலா. புண்ணு இப்ப மூச்சில்லாம கெடக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள புதுசு வைக்கணும். நாளைக்குன்னா கறுப்பு கணுக்காலத் தாண்டியிருக்கும், சனிக்கிழமை நான் காலை எடுக்க வேண்டியதுதான்."

ருக்குமணி வார்டு வாசலில் கணவருக்குத் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். கோகிலா அவளைத் தனியாகப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கா, செடியை வெளிய எடுத்தீங்களா?"

ருக்குமணியின் முகம் மலர்ந்தது. மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. "ஆமாங் கண்ணு. காலைல ஆறரைக்கெல்லாம் பின்னால வாசல்ல வெயில் வந்துருச்சு. உசுர் குடுக்கப் போறதுகள இருட்டுல போட்டு வெச்சா நல்லாருக்குமுங்களா? கடைசியா ஒருக்கா வெயில் பாக்கட்டும்னு வெச்சுப் பொட்டு வெச்சுக் கும்புட்டுட்டு, ஒம்போது மணிக்கு உள்ள வெச்சுட்டனுங்க. ஒரு இலை கசங்கலீங்க."

இரண்டரை மணி நேரம் வெயில். கோகிலாவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் போவதற்கு இடம் தெரியாமல் அவள் மேலேயே திரும்பியது. நேற்று ஒரு நிமிஷம் நின்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

"அக்கா, வெயில் பட்டா இலை மாவு சேத்துக்கும். பசுங்கணிகத்துக்குள்ளயே சேத்து வெக்கும். நான் அதைக் கருவியில போட்டுச் சுத்துவேன். வயிறு முட்டச் சாப்பிட்டவனை ராட்டினத்துல ஏத்துனா என்ன ஆகுமுங்க? உள்ள இருக்கற மாவு கல்லாட்ட இடிச்சு, தோலைக் கிழிச்சுட்டு வெளிய வந்துரும். அதுக்குத்தான் ஒரு நாள் இருட்டுல போட்டு, இருக்கறதையெல்லாம் தின்னு தீர்க்க விடறோம். பட்டினியா இருந்தாத்தான் அது பொழைக்கும்."

ருக்குமணி படியில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத் துண்டு மடியில் கிடந்து சேலையை நனைத்தது. கோகிலா சொல்லாததையும் அவள் புரிந்துகொண்டுவிட்டாள்.

"இன்னிக்கு வெக்க முடியாதுங்களா?"

கோகிலா அவள் மடியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துப் படியின் கைப்பிடியில் போட்டாள்.

"அப்ப அவிய காலை நான்தான் எடுத்துட்டனா?" அழக்கூட இல்லை. கணக்குத் தப்பிய குழந்தை மாதிரி கோகிலாவையே பார்த்தாள். "நன்றி சொல்லத்தானுங்க போனேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோகிலாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைத் தவிர என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று, "பன்னெண்டு தட்டையும் இந்த முட்டியோட எப்படிங்கக்கா படியேத்துனீங்க?" என்று கேட்டாள்.

"பத்துதானுங்க," என்றாள் ருக்குமணி, சுரத்தில்லாமல். "பதினொண்ணாவதை எடுக்கப் படி இறங்கறதுக்குள்ள, இவிய ஜன்னல்ல இருந்து தண்ணி வேணும்னு கூப்புட்டாங்க. குடுத்துட்டு வரதுக்குள்ள மணியாயிருச்சு. அந்த ரெண்டும் அடித்தட்டுலயே கெடக்குது. பாவம், அதுகளுக்கு மட்டும் வெயிலே இல்லாமப்போச்சு."

கோகிலா எழுந்த வேகத்தில் செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது.

அடி அடுக்கில் இரண்டு தட்டு. விளிம்பில் மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை. காலையில் இவள் மேல் அடுக்குகளில்தான் பறித்திருந்தாள், இவற்றைத் தொடவே இல்லை. இலை நுனி ஒன்றை வெளுத்து அயோடின் விட்டுப் பார்த்தாள். பழுப்பு நிறம் பழுப்பாகவே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள், நீலமாகவில்லை. இரண்டு தட்டும் நல்ல பட்டினி.

ஆனால் எட்டுத் தட்டில் எடுப்பதை இரண்டில் எடுக்க வேண்டும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போதெல்லாம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போய்விடும். எட்டுத் தட்டு இருந்தால் அது பெரிதில்லை. இரண்டு தட்டில் அதுதான் எல்லாம். கோகிலா போனை வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். விளக்கை மங்க வைத்தாள். பாத்திரங்களையும் சேர்த்து ஐஸில் புதைத்தாள். உறிஞ்சு குழாயின் குறுகிய முனை ஒவ்வொன்றையும் கத்தரித்து வாயை அகலமாக்கினாள், போகிற வழியில் ஒன்றும் நசுங்கக் கூடாது. துணியில் தங்கியதைக் கரைசல் விட்டு இரண்டாம் தடவை வடித்தாள். அடர்ந்த திரவத்தின் மேல் மெல்லப் படர விட்டுச் சுழற்றியதும், உடைந்தவை மேலே ஒரு பச்சை வளையமாக நின்றன. முழுசானவை கனம் தாங்கிக் கீழே இறங்கி இன்னொரு வளையமாக நின்றன. இன்றைக்குக் கீழ் வளையம்தான் பெரிதாக இருந்தது. அடியில் வெள்ளை இல்லை.

ஒரே ஒரு துளியை எண்ணிப் பார்த்தாள். எண்பத்தாறு.

நாலு மணி இருபது நிமிஷத்துக்கு டாக்டர் வாஹிதா அதை நாச்சிமுத்துவின் பாதத்தில் தடவிச் சவ்வை மூடினார். வழக்கமானதைவிட மெல்லிசாகத்தான் இருந்தது. மாலை வெயில் வார்டின் மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து காலில் விழுந்தது. கால் மணி நேரத்தில் சவ்வுக்கு அடியில் ஊசிமுனை அளவு குமிழி ஒன்று கிளம்பியது. அப்புறம் இன்னொன்று. செடி மூச்சு விடுகிறது, இனி சதையும் விடும். ருக்குமணி கட்டிலின் கால்மாட்டில் நின்று வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்தாள். கோகிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வேலைக்கு வந்ததற்காக அன்று போல அவள் என்றும் சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ருக்குமணி பேரே இல்லையே கோகிலா."

"வெளி ஆளை உள்ள கூட்டிட்டுப் போனது நானுங்க டாக்டர். இருட்டு எதுக்குன்னு சொல்லாம விட்டதும் நான்தான். அவங்க பண்ணுனதுல எதை எழுதறது? நல்ல மனசுன்னு எழுத அதுல கட்டம் இல்லீங்க."

நிர்வாகம் அதற்கு ஒரு குறிப்பாணை கொடுத்தது. ஆணியிலிருந்து சாவி போனது. கோகிலா அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் சாவி வாங்கினாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் வந்தார்கள். புண் மூடிவிட்டது. மூன்றாவது ஒட்டின் பச்சையும் உதிர்ந்து, பாதத்தில் புதுத் தோல் ரோஜா நிறத்தில் மினுங்கியது. நாச்சிமுத்து தானே நடந்து வந்தார். அடுத்த மாதத்திலிருந்து வண்டியில் ஏறலாம் என்று டிப்போவில் சொல்லியிருந்தார்கள்.

ருக்குமணி வார்டில் பார்த்த எல்லோரிடமும் அதே கதையைச் சொன்னாள். "எங்கூரு மாகாளியம்மன்தானுங்க அன்னிக்கு இவியளுக்குத் தாகத்தைக் குடுத்தா. இல்லீன்னா நான் பன்னெண்டையும் தூக்கியிருப்பேன். ஆத்தாளுக்கு ஒரு குடம் தண்ணி ஊத்திட்டுத்தான் வாறோம்." சொல்லி முடித்துவிட்டுக் கோகிலாவின் பக்கம் திரும்பினாள். "இன்னிக்குச் செவ்வாக்கிழமைங்களே. இன்னிக்குச் செடிய வெயில்ல வெக்கலாமல்லங்க?"

"வெக்கலாமுங்கக்கா. நாளைக்குத்தான் இருட்டு." கோகிலா முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தாள். ருக்குமணி மஞ்சள் டப்பாவோடு பின்வாசலுக்குப் போனாள்.

நாச்சிமுத்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். வெயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு காலை நீட்டினார். இப்போது தேவையில்லை, பழக்கம் போகவில்லை.

"அம்மிணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அவகிட்டச் சொல்லீறாதீங்க."

"சொல்லுங்கண்ணா."

"அன்னிக்கு எனக்குத் தாகமே இல்லீங்க."

கோகிலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த ஜன்னல்ல இருந்து பாத்துட்டே இருந்தனுங்க. முட்டி வலிக்காரி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கைய செவுத்துல ஊனி, நின்னு நின்னு ஏறறா. எனக்காவத்தான் பண்றான்னு தெரியுது, எதுக்குன்னு தெரியல. போதும் வான்னாக் கேக்கற ஆளு இல்லீங்க அவ. தண்ணின்னா மட்டும் போட்டதைப் போட்டபடி வந்துருவா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வந்தா, கட்டில்ல உக்கார வெச்சேன். சொம்புத் தண்ணிய நானு குடிச்சேன் குடிச்சேன், அரை மணி நேரம் குடிச்சேன். அவ முட்டி சித்த ஆறட்டும்னு. அவ்வளவுதானுங்க நான் பண்ணுனது."

"அக்காகிட்ட ஏன் சொல்லலீங்க?"

"ஆத்தா குடுத்த தாகம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கறா. எத்தன சந்தோசமாச் சொல்றா பாத்தீங்கல்ல? அதை நான் போயி எதுக்குங்க கெடுக்கோணும்."

ஜன்னலுக்குக் கீழே ருக்குமணி மூன்றாவது தட்டை இறக்கி வைத்து, பொட்டு வைத்துவிட்டு, இடுப்பில் கை கொடுத்து நிமிர்ந்தாள். மறுபடி படியைப் பார்த்துத் திரும்பினாள். இன்னும் ஒன்பது தட்டு உள்ளே இருந்தது.

கோகிலா ஓடிப்போய் மிச்சத்தைத் தானே தூக்கிவிடலாம் என்று எழுந்தாள். அதற்குள் நாச்சிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"ருக்கு, நாக்கு வறளுது. கொஞ்சம் தண்ணி கொண்டா."

"வாறேன், வாறேன்," என்று கீழே சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ருக்குமணி மூச்சு வாங்கச் சொம்போடு வந்தாள். அவர் பக்கத்து நாற்காலியைக் காலால், அந்த வலது காலால், அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவள் உட்கார்ந்ததும் சொம்பை வாங்கி, அவசரமே இல்லாமல் குடிக்க ஆரம்பித்தார்.